கப்பல்ல விபத்து நடந்தா முதல் ரிப்போர்ட் யாருக்கு, எப்போ, எப்படி?

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ கப்பல்ல வேலை பார்க்கிறவங்களுக்கு, முக்கியமா ஜூனியர் ஆபீசர்ஸுக்கும் கேடட்ஸுக்கும். தீப்பிடிச்சிருக்கலாம், தரை தட்டியிருக்கலாம், யாருக்காவது கை போயிருக்கலாம், கன்டெய்னர் கடல்ல விழுந்திருக்கலாம். எது ஆனாலும் ரிப்போர்ட் யாருக்குப் போகணும், அதுல என்ன இருக்கணும், எந்த இடத்துல சொதப்புறாங்க, அதைத்தான் பார்க்கப் போறோம்.

உயிருக்கு ஆபத்துன்னா ரிப்போர்ட் ஃபார்ம் தேடிட்டு நிக்காதீங்க. டிஎஸ்சி பட்டன் (அழுத்தினா ஆபத்துச் செய்தி தானா போகும்), விஹெச்எஃப் ரேடியோவோட சேனல் 16, மேடே (உயிர் ஆபத்து அழைப்பு). இது எல்லாருக்கும் தெரியும், மேல போறேன்.

தகவல் லேட்டா போறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். "என்ன ஆச்சுன்னு தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." கரையில இருக்கிறவங்க முதல்ல கேக்குறது எங்க, எப்போ, என்ன சேதம், ஆளுங்க எப்படி இருக்காங்க, எண்ணெய் கசியுதா. ஏன் நடந்துச்சுங்கிறது ரெண்டு மாசம் கழிச்சு வர்ற கேள்வி. காரணம் தெரியலன்னா "காரணம் தெரியவில்லை, விசாரித்து வருகிறோம்"னு எழுதி அனுப்புங்க. அது முழுசா சரியான ரிப்போர்ட்தான். ஆபீஸ் வாசகத்தைத் திருத்தித் தரட்டும்னு உக்கார்ந்திருக்கிறது இன்னும் மோசம். டிபிஏ-க்கு (கம்பெனி ஆபீஸ்ல கப்பல் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள்) போன் போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பக்கத்து நாட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டிய பொறுப்பு கேப்டனோடது. அதுக்கு ஆபீஸ் சம்மதம் தேவையில்ல.

இப்போ விடிஆர், அதாவது கப்பலோட பிளாக் பாக்ஸ். இதுல கொஞ்சம் நிப்போம், ஏன்னா அதிகமா கோட்டை விடுறது இங்கதான். 2014 ஜூலை 1-க்கு அப்புறம் பொருத்தின விடிஆர்னா கேப்ஸ்யூல்ல 48 மணி நேரமும், உள்ள இருக்கிற ரெக்கார்டர்ல 30 நாளும் பதிவு இருக்கும். அதுக்கு முந்தின மாடல்ல கட்டாயம் 12 மணி நேரம்தான். அதுக்கு மேல பழசு அழிஞ்சு அதே இடத்துல புதுசு ஏறும். பழைய மாடல்னு வைங்க, ராத்திரி 2 மணிக்கு மோதல், எல்லாரும் சேதம் பார்க்க ஓடிட்டாங்க, மறுநாள் மத்தியானம் 3 மணிக்கு யாரோ "சேவ் பண்ணீங்களா?"னு கேக்குறாங்க. போச்சு. மோதலுக்கு முன்னாடி பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டுற அறை) பேசினது, ரேடார் படம், விஹெச்எஃப் எல்லாமே அழிஞ்சிருக்கும். அதனால பிரிட்ஜ் எமர்ஜென்சி செக்லிஸ்ட்ல மேல மூணு வரிக்குள்ள "விடிஆர் சேவ்" இருக்கான்னு இன்னைக்கே போய்ப் பாருங்க. பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தணும், சேவ் ஆச்சுன்னு எப்படித் தெரியும்ங்கிறது விடிஆர் தயாரிச்ச கம்பெனியைப் பொறுத்து மாறும். மேனுவல்ல பார்த்து பேனலுக்குப் பக்கத்துல ஒட்டி வைங்க. சேவ் பண்ண நேரத்தை லாக் புக்ல எழுதுங்க. இன்னொண்ணு, கரண்ட் போய் பிளாக்அவுட் ஆனாலும் பேட்டரியில 2 மணி நேரம் பிரிட்ஜ் பேச்சு பதிவாகிட்டேதான் இருக்கும். யாரைத் திட்டுறதா இருந்தாலும் அதை மனசுல வெச்சுக்கோங்க!

விடிஆரோட முடியல. இன்ஜின் ரூம் அலாரத்தை அக்னாலெட்ஜ் பண்ணி ரீசெட் பண்றதுக்கு முன்னாடி திரையை ஒரு போட்டோ எடுங்க. அலாரம் லாகை பிரிண்ட் எடுங்க. சிசிடிவியும் தானா அழியும், தனியா காப்பி பண்ணுங்க. அப்புறம் கடிகாரம். ஜிபிஎஸ், இன்ஜின் அலாரம் சிஸ்டம், சிசிடிவி, மூணும் ஒரே நேரம் காட்டாது. ஜிபிஎஸ்ஸோட ஒப்பிட்டு எது எத்தனை நிமிஷம் முன்ன, பின்னனு அன்னைக்கே குறிச்சு வைங்க. ஒரு வாரம் கழிச்சு யாராவது கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா, எந்த அலாரம் முதல்ல அடிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

சரி, யாருக்கு ரிப்போர்ட்? ரெண்டே கேள்விதான். கப்பல் எந்த நாட்டுக் கொடி? இப்போ யார் கடல் பக்கத்துல நிக்குது? ரெண்டு நாட்டுக்கும் போகணும். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய மூழ்கின எம்எஸ்சி எல்சா 3-ஐ எடுத்துக்கோங்க. லைபீரியா கொடி, ஆனா நம்ம கடல். 24 பேரையும் காப்பாத்திட்டாங்க. கப்பல் மட்டும் உள்ள போயிடுச்சு, அதுல 643 கன்டெய்னர் ஏத்தியிருந்தாங்க. இந்த மாதிரி கேஸ்ல லைபீரியா நிர்வாகத்துக்கும் தெரியணும், நம்ம கடலோரக் காவல்படைக்கும் டிஜி ஷிப்பிங்குக்கும் (இந்தியக் கப்பல் துறை நிர்வாகம்) தெரியணும். கிளாஸ் (கப்பல் தரத்தைச் சோதிச்சு சான்று தர்ற அமைப்பு), பி அண்ட் ஐ கிளப் (கப்பல் முதலாளிகளோட பொறுப்புக் காப்பீடு) இவங்களுக்கும் சொல்லணும், ஆனா அதை ஆபீஸ் பார்த்துக்கும். துறைமுகத்துக்குள்ளன்னா போர்ட் கன்ட்ரோலும் சேரும். ஏஜென்ட்கிட்ட வாட்ஸ்அப்ல சொன்னதை வெச்சு அரசாங்கத்துக்குச் சொல்லியாச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

போன் நம்பர் எங்க? சோபெப் ஃபைல்ல (எண்ணெய் கசிஞ்சா என்ன செய்யணும்ங்கிற கப்பலோட அவசரத் திட்டம்) கடலோர நாடுகளோட தொடர்பு லிஸ்ட் இருக்கும். ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) அதை அடிக்கடி புதுப்பிக்குது. கப்பல்ல ரெண்டு வருஷம் பழைய பிரின்ட் தொங்கிட்டிருந்தா அடிச்சுப் பார்க்கும்போது யாரும் எடுக்க மாட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி மாத்துங்க.

அந்த சோபெப்லயே ரிப்போர்ட் எழுதுற முறை ஆங்கில எழுத்து வரிசையில இருக்கும். ஏ-ன்னா கப்பல் பேர், கால் சைன், கொடி. பி (B) நேரம், சி இடம், ஈ திசை, எஃப் வேகம். சரக்கும் எரிபொருளும் இந்த B-ல வராது, அது தனி, P எழுத்துல வரும். க்யூ சேதம், ஆர் கசிவு, எஸ் வானிலை, எக்ஸ்-ல மத்த எல்லாம். தப்பு அதிகமா நடக்கிற இடம் நேரம். கொச்சிக்கு வெளிய, இந்திய நேரப்படி 15-ம் தேதி ராத்திரி 12:10-க்கு ஒண்ணு நடக்குதுன்னு வைங்க. யுடிசி-ல (உலகப் பொது நேரம்) அது இன்னும் 14-ம் தேதி 18:40. அப்போ 141840-ன்னு எழுதணும். தூக்கக் கலக்கத்துல 151840-ன்னு போட்டா நாளைக்கு நடக்கப் போற விபத்தைச் சொன்ன மாதிரி ஆயிடும். இடத்துக்கு அட்சரேகை நாலு இலக்கம், தீர்க்கரேகை அஞ்சு இலக்கம்: 0940 வடக்கு, 07538 கிழக்கு. அந்த முன்னாடி சைபரை விடாதீங்க. ஆர்-ல "கொஞ்சம் எண்ணெய்"னு எழுதுறது வேஸ்ட். எந்த எண்ணெய், எந்த டேங்க், அதுல எவ்வளவு இருந்துச்சு, இப்போ சவுண்டிங் (டேங்க்ல அளந்து பார்த்த மட்டம்) என்ன, இன்னும் போகுதா நின்னுடுச்சா. அடுத்த ரிப்போர்ட் எப்போ அனுப்புவோம்ங்கிறதும் 'என்' எழுத்துல சொல்லிடணும். சொன்ன நேரத்துக்குப் புதுசா ஒண்ணும் இல்லாட்டியும் அனுப்பணும்.

2026 ஜனவரி 1-ல இருந்து சோலாஸ் (கடல்ல உயிர் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) அஞ்சாவது அத்தியாயத்துல கன்டெய்னர் விழுந்தா தகவல் சொல்றது தனியா வந்திருக்கு. பக்கத்துல இருக்கிற கப்பல்களுக்கும், பக்கத்து கடலோர நாட்டுக்கும், கொடி நாட்டுக்கும் தாமதம் இல்லாம சொல்லணும். எத்தனைனு சரியா தெரியலன்னா மதிப்பீடு போதும், அப்புறம் முழுசா எண்ணிப் பார்த்து இறுதி எண்ணிக்கை கொடுக்கணும். கடல்ல மிதக்குற வேற கப்பலோட கன்டெய்னரைப் பார்த்தாலும் பக்கத்துக் கப்பல்களுக்கும் கடலோர நாட்டுக்கும் சொல்லணும். உள்ள ஆபத்தான சரக்குன்னா யுஎன் நம்பர் (ஆபத்தான சரக்கு ஒவ்வொண்ணுக்கும் உள்ள நாலு இலக்க எண்) அவசியம். எல்சா 3-ல இருந்த ஆபத்தான சரக்குல ஒண்ணு கால்சியம் கார்பைடு, யுஎன் 1402. தண்ணி பட்டா அசிட்டிலீன் வாயு கிளம்பும், சட்டுனு பத்திக்கும். கரை ஒதுங்கின பெட்டியைத் தொட்டுப் பார்க்கப் போற மீனவருக்கு அந்த நாலு இலக்கம் உயிர்ப் பிரச்சினை.

தகவல் லேட்டானா என்ன ஆகும்னு பார்க்க இலங்கைக்குப் போங்க. எக்ஸ்பிரஸ் பேர்ல்ங்கிற கன்டெய்னர் கப்பல், சிங்கப்பூர் கொடி. 2021 மே 11-ம் தேதியே நைட்ரிக் அமில கன்டெய்னர் ஒண்ணு கசியுறது தெரிஞ்சுது. கத்தார்ல ஹமாத், குஜராத்ல ஹசிரா, ரெண்டு துறைமுகமும் அந்தப் பெட்டியை இறக்க மறுத்துடுச்சு. கப்பல் அதோட கொழும்புக்கு வந்து நங்கூரம் போட்டுச்சு. 20-ம் தேதி தீ. ஜூன் 2-ல மூழ்க ஆரம்பிச்சுது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கிச்சு. 2025 ஜூலையில இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னப்போ, கசிவு பத்தின தகவலை அதிகாரிகள்கிட்ட மறைச்சதையும் சேர்த்துக் கண்டிச்சுது. என் கணக்குல அந்தக் கதையில தீயை விடப் பெரிய தப்பு, 11-க்கும் 20-க்கும் நடுவுல இருந்த அந்த ஒன்பது நாள்தான்.

அமெரிக்கா போறவங்களுக்கு மட்டும் கொஞ்சம். அங்க கோஸ்ட் கார்டுக்கு உடனடித் தகவல், அப்புறம் 5 நாளுக்குள்ள சிஜி-2692 ஃபார்ம். தரை தட்டினா, பாலத்துல இடிச்சா மட்டும்னு நினைக்காதீங்க. மெயின் இன்ஜினோ ஸ்டியரிங்கோ போனாலே ரிப்போர்ட்தான். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சே, எதுக்கு சொல்லணும்னு விடுறவங்கதான் மாட்டுவாங்க. சொத்து சேதம் 75,000 டாலரைத் தாண்டினாலும் அதே. சீரியஸ் கேஸ்னு ஆயிடுச்சுன்னா சம்பந்தப்பட்டவங்களுக்கு 2 மணி நேரத்துக்குள்ள ஆல்கஹால் டெஸ்ட், 32 மணி நேரத்துக்குள்ள போதைமருந்து சாம்பிள். கிட் காலாவதி ஆகிடுச்சான்னு அமெரிக்கா சேர்றதுக்கு முன்னாடி பாருங்க.

காயம் விஷயத்துல ஒரு சிக்கல் உண்டு. ஐஎம்ஓ விசாரணை விதிப்படி, அடிபட்ட 7 நாளுக்குள்ள ஆரம்பிச்சு 72 மணி நேரத்துக்கு மேல வழக்கம்போல இயங்க முடியாம போனா அது கடுமையான காயம். மூரிங்ல (கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுற வேலை) அடிபட்ட ஏபி (டெக் மாலுமி) ஒருத்தர் "பரவால்ல சார்"னு அன்னைக்கு நடந்துட்டே போவார். மூணாம் நாள் முட்டி வீங்கி எழுந்திரிக்க முடியாது. முதல் நாளே மெடிக்கல் லாக்ல பதிவு இல்லன்னா ரிப்போர்ட்டும் தடுமாறும், அவரோட நஷ்டஈடும் தடுமாறும்.

கடைசியா ஸ்டேட்மென்ட். அவங்கவங்க தனியா உக்கார்ந்து எழுதணும். பார்த்தது, கேட்டது, செஞ்சது, நேரம். "அவர் கவனக்குறைவா இருந்தார்"னு எழுதாதீங்க. "அவர் ரேடார்கிட்ட இல்ல, சார்ட் டேபிள்ல நின்னார்"னு எழுதுங்க. தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சு இனிஷியல் போடுங்க, ஒயிட்னர் வேண்டாம். விசாரணைக்கு ஆள் வந்தா முதல்ல கேளுங்க: இது பாதுகாப்பு விசாரணையா, குற்ற விசாரணையா? எந்த அடிப்படையில நடக்குதுன்னு உங்களுக்குச் சொல்லணும், வக்கீல் ஆலோசனை கேக்க வழி இருக்கணும், உங்களையே மாட்டிவிடுற மாதிரி பேசாம இருக்கிற உரிமை பத்தியும் தெரிவிக்கணும்னு அதே ஐஎம்ஓ விதியோட 12-வது அத்தியாயத்துல இருக்கு. எழுதிக் கொடுக்கிறதுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க. புரியாத மொழியில இருந்தா போடாதீங்க. ஒரு காப்பி கையில வாங்கிக்கோங்க.