தடிமனும் ஒரு சட்டி நொச்சி இலையும்

வணக்கம் எல்லாருக்கும். குரலைக் கேட்டதுமே விளங்கியிருக்கும், மூன்று நாளாகத் தடிமன், அதாவது ஜலதோஷம். மழையில் நனைந்ததுதான் காரணம் என்கிறார் அம்மம்மா. 100ஆம் இலக்க பஸ்ஸில் என் தோளுக்கு மேலாகத் தும்மிய ஐயாதான் காரணம் என்கிறேன் நான்.

இன்றைக்கு வேது பிடிக்கப் போகிறேன். தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு, ஆவி பிடிப்பதுதான். காலையில் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் நொச்சி கேட்டேன். கடைக்கார அண்ணைக்கு விளங்கவில்லை. 'நிக' என்று சிங்களத்தில் சொன்னதும் ஒரு கட்டைத் தூக்கித் தந்தார். துளசியும் கற்பூரவள்ளியும் எங்கள் பல்கனித் தொட்டியிலேயே இருக்கின்றன.

இங்கே பாருங்கள், இலையை இப்படிக் கையால் கசக்கிப் போட வேண்டும். அப்போதுதான் வாசம் இறங்கும். கொஞ்சம் மஞ்சள் தூள். தண்ணீர் கொதித்து, பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறியதும் அடுப்பை நிறுத்திவிட்டேன். உடனே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடமாவது ஆறட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். சட்டி மேசையில், சுவரோரமாக, அசையாமல் இருக்க வேண்டும். மடியிலோ கட்டிலிலோ வைக்கவே கூடாது. பத்து வயதில் நான் கட்டிலில் சட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஏறிக் குதித்தான். தொடையில் அந்த வடு இன்னும் இருக்கிறது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரம் போட்ட தைலங்களும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது.

அம்மம்மாவுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: வேது தடிமனை மாற்றாது. கிருமி ஆவியில் சாகாது. சூடான ஈரக்காற்று சளியைக் கொஞ்சம் இளக்கும், மூக்குக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தைலத்தில் இருக்கும் மெந்தோலும் அப்படித்தான். மூக்கில் குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுவதால் அடைப்பு திறந்ததுபோல் இருக்கும். உண்மையில் வீக்கம் அப்படியேதான் கிடக்கும். தடிமன் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். ஆனால் மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் விடாமல் காய்ந்தாலோ சட்டியைத் தூக்காதீர்கள். கொழும்பில் டெங்கு இருக்கிறது, டொக்டரிடம் போங்கள்.

சரி, துவாயைப் போர்த்துகிறேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எரியும். முகத்துக்கும் சட்டிக்கும் இடையில் ஒரு முழமாவது இருக்கட்டும். ஆ… நொச்சி வாசம், மருந்துக்கடையும் மழைக்காடும் கலந்த மாதிரி. மூக்கு நுனியில் இருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது, அது வியர்வையா வேறெதுவா என்று கேட்காதீர்கள்.

ஐந்து நிமிடம் போதும். ஒரு பக்கம் திறந்துவிட்டது! அப்புறம் மற்றப் பக்கமும்… ஐயோ, ஓடத் தொடங்கிவிட்டது. கமராவை நிறுத்துகிறேன், இதை நீங்கள் பார்க்க வேண்டாம்.