நூறு ரூபாய்க் கடனில் 39 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் போரூரிலிருந்து வடபழனிக்கு ஆற்காடு சாலை வழியாகப் போய் வருகிறவர்களுக்கு மெட்ரோ வேலையின் சிரமத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளசரவாக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணும் இரண்டு பாதைகளைத் தாங்குகிறது, ஒன்றின் மேல் ஒன்றாக. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஐயா, இதை யார் காசுல கட்டுறாங்க? டிவியில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். அடுத்த பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டிலும் அறிவிப்பு வந்தது. ஆனால் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். நடுவில் கிட்டத்தட்ட நான்கு வருடங்கள். அதுவரை இது மாநிலத் திட்டம். செலவில் சுமார் 90 சதவீதம் தமிழ்நாட்டின் பொறுப்பு. மத்திய அரசின் பங்கு 10 சதவீதம், அதுவும் நிலத்தின் விலை போன்றவற்றைக் கழித்துவிட்டு.

அந்த நான்கு வருடமும் சண்டைதான். "எங்கள் தலையில் முழுச் சுமையையும் கட்டிவிட்டார்கள்" என்றது மாநிலம். "இது மாநிலத் திட்டம். வெளிநாட்டு வங்கிகளிடம் 32,548 கோடி கடனுக்கு நாங்கள் வழிசெய்து கொடுத்தோம், அதில் நீங்கள் எடுத்துச் செலவழித்தது சுமார் 6,100 கோடிதான்" என்றது மத்திய அரசு. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டு பேச்சிலும் சரியாக வெளிவராத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடன் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதுதான் அது.

ஒரு மாநிலம் இஷ்டத்துக்குக் கடன் வாங்கிவிட முடியாது. மத்திய அரசுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்க அதன் சம்மதம் வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 293-வது பிரிவு. அதை வைத்துத்தான் வருடா வருடம் ஒரு உச்சவரம்பு போடுகிறார்கள். மெட்ரோ கடன் மாநிலத்தின் கணக்கில் ஏறினால், அந்த வரம்புக்குள் மற்ற வேலைகளுக்கு இடம் குறைந்துபோகிறது. ஒரு பாலமோ, ஒரு குடிநீர்த் திட்டமோ தள்ளிப்போகும். 2024 அக்டோபர் முடிவுக்குப் பிறகு 33,593 கோடி கடன் முழுவதும் மத்திய அரசின் பங்கிலேயே சேர்ந்தது. மொத்தச் செலவில் சுமார் 65 சதவீதம் மத்திய அரசு, மீதி 35 மாநிலம் என்று ஆனது. ஆனாலும் அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம்; அதனால் முடியாவிட்டால் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். டீக்கடைக்காரரிடம் இதைத்தான் சொன்னேன்: கடைசியில் டிக்கெட் வாங்குகிறவரும் வரி கட்டுகிறவரும்தான்.

சரி, இனி மாநிலத்தின் மொத்தக் கடனுக்கு வருவோம்.

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் வந்த எண் ஊரெல்லாம் பேச்சானது. ஆட்சியை விட்டு இறங்கியிருந்த அ.தி.மு.க.வைக் குற்றம்சாட்டும் எண் அது. 2025 மார்ச்சில் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில், 2026 மார்ச் முடிவில் கடன் சுமார் 9.3 லட்சம் கோடியாக இருக்கும் என்று வந்ததும் சண்டை அப்படியே திரும்பிக்கொண்டது. இந்த முறை குற்றம்சாட்டியது அ.தி.மு.க. மாநிலப் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் 26 சதவீதம்தான், வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது தி.மு.க. அரசு. ஆள் மாறினார்களே தவிர வசனம் மாறவில்லை.

மொத்தக் கடனை மட்டும் பார்த்துக் கோபப்படுவதிலோ சமாதானம் அடைவதிலோ எனக்கு உடன்பாடு இல்லை. அதே 2025-26 பட்ஜெட்டைக் கையில் எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த வருடத்தில் கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய தொகை, 1,06,963 கோடி. இதில் 57,231 கோடி மூலதனச் செலவு: சாலை, பாலம், கட்டடம், பாசனம். 8,097 கோடி, அரசு தானே கடனாகவும் முன்பணமாகவும் கொடுப்பது. மிச்சம் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்ற அன்றாடச் செலவுக்கு வரவு போதாமல் விழும் துண்டு அது. ஆக, 100 ரூபாய் கடன் வாங்கினால் அதில் 39 ரூபாய், பின்னால் நின்று பயன் தரும் எதுவுமாக மாறாமல் கரைந்துவிடுகிறது. வீடு கட்டக் கடன் வாங்குவது வேறு. மளிகைக் கடை பாக்கியை அடைக்கக் கடன் வாங்குவது வேறு.

இதைச் சொன்னதும் இலவசங்களை நிறுத்து என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் மருத்துவமனைக் கட்டடம் மூலதனச் செலவு, அதில் ராத்திரி முழுக்க நிற்கும் செவிலியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. செவிலியர் இல்லாத கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும், பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவும் எனக்கு வீண்செலவாகத் தெரியவில்லை. அவற்றுக்கான பணம் வரியிலிருந்து வர வேண்டும், கடனிலிருந்து வரக் கூடாது என்பதே என் வாதம். அந்தத் துண்டை எப்படி, எத்தனை வருடத்தில் அடைப்பீர்கள் என்ற கேள்வி எந்தக் கட்சி மேடையிலும் என் காதில் விழுந்ததில்லை. மொத்தக் கடனைச் சொல்லிப் பயமுறுத்துவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

மதுரைக்கும் கோவைக்கும் மெட்ரோ கேட்டு மாநிலம் அனுப்பிய திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் கீழே என்பது அது சொன்ன காரணம். ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று மாநிலம் திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளைக்கே ஒப்புதல் வந்தாலும், முதல் குழி வெட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும்: கடன் யார் கணக்கில், ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நஷ்டம் வந்தால் அது யார் கணக்கில். சென்னையில் இதைத் தீர்க்க நான்கு வருடம் ஆனது. மதுரையில் மாசி வீதிகளைத் தோண்டி வைத்துக்கொண்டு நான்கு வருடம் காத்திருக்க முடியாது.

வணக்கம்.