சுழியத்தையும் எழுத வேண்டும்

(மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில், பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தொலைவிலுள்ள பவளத்திட்டுகளில் முதுகெலும்பற்ற உயிர்களைக் கணக்கெடுக்கும் பணியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அவ்வுயிர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. சந்தையில் நாம் வாங்கும் இறால், நண்டு, கணவாய், கெராங் என்னும் சிப்பி எல்லாமே அந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். பவளமும் முதுகெலும்பற்ற விலங்குதான். அதன் மேலும் கீழும் உள்ளும் ஒண்டி வாழ்கிற மற்ற விலங்குகளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். பவளத்திட்டு என்றதும் ஆமையும் வண்ண மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு திட்டில் வாழும் உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்பற்றவை. அவற்றை எண்ணாமல் ஒரு திட்டு நலமாக இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

கரையோரத் திட்டுகள் இருக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கலாம். நம் பேராக் ஆறு கடலில் கொண்டு சேர்க்கும் சேற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கலங்கிய நீரில் பவளம் செழிப்பதில்லை. சேறும் கழிவும் வலையும் படாத இடத்தில் ஒரு திட்டு எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தான், கரையோரத்தில் நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று மதிப்பிட முடியும். தென்சீனக் கடலில், கோத்தா கினாபாலுவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடமேற்கே, நம் நாட்டுக் கடற்படை நிலையம் அமைந்த லாயாங்-லாயாங் என்னும் வட்டத்திட்டு அப்படிப்பட்ட தொலைவில் இருக்கிறது. நடுவே ஆழம் குறைந்த காயல், அதைச் சுற்றிப் பவள வளையம், வளையத்தின் வெளிப்புறத்தில் செங்குத்தாக ஆழ்கடலுக்குள் இறங்கும் சுவர் என்பது அதன் அமைப்பு.

ஆனால் தொலைவே காவல் ஆகிவிடாது. தென்சீனக் கடலின் வேறு திட்டுகளில், பெருஞ்சிப்பிகளின் ஓட்டுக்காகப் படகின் உந்துவிசிறியைக் கொண்டே பாறைத்தளத்தை உழுது கிளறியிருக்கிறார்கள். ஆள் போகாத இடத்தில் நடப்பதைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே வேலை செய்வது எளிதன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் இடம் கொடுக்காது. காற்று உருளைகளை நிரப்பும் எந்திரம் முதல் குடிநீர், மருந்து, மாதிரிகளைப் பதப்படுத்தும் எத்தனால் வரை எல்லாவற்றையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். ஆழத்தின் அழுத்தத்தில் மூழ்குபவரின் இரத்தத்தில் நைட்ரஜன் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி உடலை முடக்கிவிடும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை வெகு தொலைவில் இருப்பதால், கரையோரத்தில் துணியும் ஆழத்திற்கும் நேரத்திற்கும் அங்கே யாரும் துணியக் கூடாது. நீருக்கடியில் கிடைக்கும் நேரம் அவ்வளவு சுருக்கமானது என்பதால்தான் எண்ணும் முறை முன்கூட்டியே கண்டிப்பாக வகுக்கப்படுகிறது.

நம் நாட்டில் தன்னார்வலர்களும் பயன்படுத்தும் ரீஃப் செக் (Reef Check) என்னும் கணக்கெடுப்பு முறையைச் சொல்கிறேன். ஒரே ஆழத்தில் 100 மீட்டர் நாடாவை விரிக்கிறோம். அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளை, இடையிடையே 5 மீட்டர் விட்டு எடுத்துக்கொண்டு, நாடாவின் இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணுகிறோம். ஆக, எண்ணும் பரப்பு 400 சதுர மீட்டர். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: வரும் மாதங்களின் விளைச்சலை அறிய எல்லா மரங்களையும் எண்ணாமல், குறித்த நிரைகளில் உள்ள குலைகளை எண்ணி மொத்தத்தைக் கணக்கிடுகிறோம் அல்லவா? நிரைக்கு வெளியே எவ்வளவு பெரிய குலை தொங்கினாலும் அது கணக்கில் வராது. நாடாவுக்கு மூன்று மீட்டர் தள்ளி ஓர் அருமையான சிங்கி இறால் மீசையை நீட்டிக்கொண்டு நின்றாலும் அதை எழுதக் கூடாது.

எல்லா உயிரையும் இம்முறையில் எண்ணுவதில்லை. உருண்டை உடலெங்கும் முள் நிறைந்த கடல் முள்ளெலி, கடல் அட்டை, பெருஞ்சிப்பி, சிங்கி இறால், பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன், அந்த நட்சத்திர மீனையே தின்னும் திரித்தோன் சங்கு எனத் தேர்ந்தெடுத்த சில வகைகள் மட்டுமே நீருக்கடியில் நாங்கள் எழுதும் பலகையில் இருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்குச் சாட்சி. உண்ணும் கடல் அட்டையும் சிங்கி இறாலும் குறைந்தால் அது பெரும்பாலும் மனிதர் வாரியதன் தடம். முள்முடி பெருகினால் பவளத்துக்கு ஆபத்து. பாறையிடுக்கு ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்த்து, திரித்தோன் சங்கு இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் சுழியம் என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்தைப் படிப்பவருக்கு அதைத் தேடினார்களா, தேடவில்லையா என்பதே தெரியாது. சுழியமோ, தேடினோம், இல்லை என்று சொல்கிறது. இந்தப் பணியில் சேரும் இளைஞர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் பின்னாளில் ஓர் இனம் எப்போது மறைந்தது என்று தேடுகிறவர் கையில் அந்தச் சுழியத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

ஒரு பரப்பில் எத்தனை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? கடல் அட்டையும் பெருஞ்சிப்பியும் துணையைத் தேடி நெடுந்தூரம் செல்வதில்லை; சிப்பி இருந்த இடத்தை விட்டே நகராது. அவை முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. அருகருகே போதிய உயிர்கள் இருந்தால்தான் இரண்டும் கலந்து கருவாகும். எனவே ஒரு திட்டில் பெருஞ்சிப்பிகள் சில இன்னும் உயிரோடு இருக்கும்போதே, ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருப்பதால், அத்திட்டில் அந்த இனத்தின் வருங்காலம் முடிந்துபோயிருக்கலாம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 200 கிலோவுக்கும் அதிக எடை கொண்ட சிப்பி நம் கண்முன் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அடுத்தது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். லங்காவியில் விற்கும் காமாட் எண்ணெயை நம்மில் பலர் வாங்கியிருப்போம். அது கடல் அட்டையிலிருந்து வருவது. இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பதை 2001-இல் தடை செய்தார்கள். மன்னார் வளைகுடாவில் அதை நம்பிப் பிழைத்த தமிழ் மீனவக் குடும்பங்களை அத்தடை கடுமையாகப் பாதித்தது. ஆகவே இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படையாகும் எண்ணிக்கை பிழையாக இருந்தால் இழப்பு கடலுக்கு மட்டுமன்று, கரையில் இருப்பவர்களுக்கும்தான்.

ஒரே ஓர் இனம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கரீபியக் கடலில் சான்று உண்டு. 1983-இலும் 1984-இலும் அங்கே நீண்ட முட்களையுடைய கருநிறக் கடல் முள்ளெலிகள் நோயால் மடிந்தன. பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. பாறையில் படரும் பாசியை மேய்ந்து வந்தவை அவை. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே மிகுதியாகப் பிடித்துவிட்ட ஜமைக்காவில், முள்ளெலியும் போன பிறகு பாசி பவளங்களை மூடிக்கொண்டது. முன்னரே எண்ணி வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் அந்தச் சரிவின் அளவு உலகுக்குத் தெரிந்தது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பெரிய உயிர்களின் கணக்கு. பெருந்தொகை வேறிடத்தில் இருக்கிறது. கிளைத்த பவளக்கொத்து ஒன்றின் இடுக்கில் விரல்நகம் அளவே உள்ள நண்டுகள், ஆணும் பெண்ணுமாக ஓர் இணை, குடியிருக்கும். முள்முடி நட்சத்திர மீன் அக்கொத்தின் மீது ஏற வந்தால், அந்தச் சிறு நண்டுகள் அதன் குழாய்க்கால்களைக் கிள்ளிக் கடித்து விரட்டும். இத்தகைய உயிர்களை நாடா முறையில் எண்ண முடியாது. இறந்த பவளக் கட்டியை மூடிய வாளியில் மேலே கொண்டுவந்து, உளியால் உடைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பல கடல்களிலிருந்து எடுத்த பவளத் துண்டுகளை இவ்வாறு உடைத்துப் பார்த்து, மரபணுவால் பிரித்தறிந்தார்கள். மொத்தம் 6.3 சதுர மீட்டர் பரப்பில், அதாவது ஒரு சிறிய அறையின் தரையளவில், 525 வகை நண்டு, இறால் இன உயிர்கள் கிடைத்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு முறை மட்டுமே கிடைத்தவை. நியூ கலிடோனியாவின் கூமாக் பகுதியில் சங்கு, சிப்பி இனங்களைத் தேடியவர்கள் 295 சதுர கிலோமீட்டரில் 2,738 இனங்களைக் கண்டதாக 2002-இல் எழுதினார்கள். அங்கும் ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்குத் தலா ஒரே மாதிரிதான் கிடைத்தது.

இங்கேதான் நிரைக் கணக்கு நமக்குக் கைகொடுப்பதில்லை. தோட்டத்தில் எல்லாம் ஒரே செம்பனை; திட்டிலோ பெரும்பாலான இனங்கள் அரியவை. எவ்வளவு தேடினாலும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எனவே வெவ்வேறு திட்டுகளை ஒப்பிட ஒரே அளவான வீட்டைக் கட்டிக் கொடுக்கிறார்கள்: சுமார் 22 சென்டிமீட்டர் சதுரமான பிவிசி தகடுகளை இடைவெளி விட்டு அடுக்கிக் கடலடியில் பதித்துவிட்டு, ஓராண்டு முதல் மூன்றாண்டு கழித்து எடுத்து, குடியேறியவற்றைச் சல்லடைகளால் அளவு வாரியாகப் பிரிப்பார்கள். ஒட்டி வளர்ந்த கடற்பஞ்சு முதலியவற்றைச் சுரண்டி மரபணுவைப் படிப்பார்கள்.

மரபணு மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒப்பிடுவதற்கு, ஒருவர் உயிரைக் கையில் வைத்துப் பார்த்து அடையாளம் கண்ட மாதிரி எங்கேனும் இருக்க வேண்டும். கடல் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தில் பல இனங்கள் ஒன்றுபோல் தோன்றும். பதப்படுத்தினால் நிறமும் வெளிறிவிடும். அதன் தோலில் ஊசிமுனையளவு துண்டை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸ் ஒரு துளி விடுகிறோம். சதை நுரைத்துக் கரைகிறது. மெல்லக் கழுவிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தோலுக்குள் புதைந்திருந்த சுண்ணாம்புத் துகள்கள் தனித்தனியாகத் தெரியும்: துளையிட்ட பொத்தான்களாகவும், நான்கு கால் மேசைகளாகவும், சிலவற்றில் நங்கூரங்களாகவும். எந்த வடிவங்கள் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்பதே இனத்தை அறியும் வழி. காய்ந்து சுருங்கிய சரக்கிலும் இத்துகள்கள் அழியாமல் இருப்பதால், வணிகத்தில் எந்த இனம் விற்கப்படுகிறது என்பதையும் இதே முறையில் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த வேலைக்கு எல்லோரும் கடலில் மூழ்க வேண்டியதில்லை. பொறுமையான கண்களும் ஒழுங்காக எழுதும் கையும் மேசையருகே மிகவும் தேவைப்படுகின்றன. ஒரு பயணத்தில் சேர்த்ததைப் பிரித்து அடையாளம் காணப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பயின்றவர்கள் மிகக் குறைவு. சபாவிலும் திரங்கானுவிலும் உள்ள நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் கடல் அறிவியல் படிக்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல் எடுக்கும் மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் உள்ள மேசையில் நுண்ணோக்கி ஒன்றை வைத்திருக்கிறேன். மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த கடல் அட்டையின் துகள்கள் அதில் தயாராக இருக்கின்றன. சிறியவர்கள் முதலில் வாருங்கள்; கண்ட வடிவத்தை அருகிலுள்ள தாளில் வரைந்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விடுங்கள். நன்றி, வணக்கம்.