புதிய மத இயக்கங்களை எப்படி வகைப்படுத்துவது?

(காட்சி: நியூயார்க் தெருவோரம், ஒரு சின்னக் கடை)

வணக்கம். 1965இல் பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதா கல்கத்தாவில் சரக்குக் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். அப்போது அவருக்கு வயது 69. அடுத்த வருடமே நியூயார்க்கில் இந்தக் கடையை வாடகைக்குப் பிடித்து இஸ்கான் என்ற கிருஷ்ண பக்தி இயக்கத்தைத் தொடங்கினார். முன்பு இங்கே இருந்த பரிசுப்பொருள் கடையின் பெயர்ப்பலகைகூட அப்படியே தொங்கியது.

இப்படி ஒரு இயக்கத்தைப் பார்த்ததும் ‘இது அசலா, போலியா?’ என்றுதான் கேட்கத் தோன்றும். சமூகவியலில் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ராய் வாலிஸ் 1984இல் வேறொன்றைக் கேட்டார்: இந்த இயக்கம் வெளியுலகத்தை என்னவென்று நினைக்கிறது? எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். கேட்டவுடன் பக்தர்களின் அன்றாட வாழ்க்கைதான் கண்ணில் படும்.

(காட்சி: துளசி மாலை, நெருக்கத்தில்)

ஆரம்பகால இஸ்கான் பக்தர் வீட்டை விட்டு வந்து கோயிலிலேயே தங்கினார். மொட்டைத் தலை, காவி உடை. விடிவதற்கு முன்பே எழுந்தாக வேண்டும். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. டீ, காபியும் கிடையாது. 108 மணி மாலையில் தினமும் 16 சுற்று ஜபம். அதாவது 1,728 முறை ‘ஹரே கிருஷ்ணா’ மகா மந்திரம். வாலிஸ் இதை ‘உலகை மறுக்கும்’ வகையில் வைத்தார்.

மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் இதற்கு நேர் எதிர். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் தியானம் செய்தால் போதும். வேலையையோ குடும்பத்தையோ விட வேண்டாம். இது ‘உலகை ஏற்கும்’ வகை. மூன்றாவது வகை, உலகத்தோடு பெரிதாகச் சண்டை போடாமல் உள்ளத்தின் பக்தியைப் புதுப்பிக்க நினைப்பது. கிறிஸ்தவத்தில் எழுந்த புதிய பெந்தெகொஸ்தே அலை மாதிரி.

சரி, ஒரு இயக்கம் ஒரே வகையில் நின்றுவிடுமா? நிற்காது. 1970களின் கடைசியில் அமெரிக்க விமான நிலையங்களில் புத்தகம் விற்று வந்த வருமானம் குறைந்தது. எல்லோரையும் கோயிலே வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. கல்யாணமான பக்தர்கள் வெளியே வீடு எடுத்து வேலைக்குப் போனார்கள். அங்கே குடியேறிய இந்தியக் குடும்பங்களும் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தன. உலகத்தை மறுத்த இயக்கம் அதனோடு ஒத்துப்போகப் பழகிக்கொண்டது.

(காட்சி: மீண்டும் அதே மாலை)

தீட்சை பெற்றவர்களுக்கு இன்றைக்கும் தினமும் 16 சுற்றுதான்.