ஜெல்லில் சிக்கிய நொதி

அவையோருக்கு வணக்கம்.

செல்லின் கருவில் டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த பொதியே குரோமாட்டின். அதன் ஆய்வைப் பற்றிப் பேசினால் அமெரிக்க உயிரியலாளர் டேவிட் ஆலிஸ் பெயர் வந்தே தீரும். 2018இல் மைக்கேல் கிரன்ஸ்டைனுடன் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார், 2023இல் மறைந்தார். விருதுகள் இருக்கட்டும். அவருடைய ஒரு சோதனையை நிதானமாகப் பார்ப்போம்.

எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி ஏறத்தாழ 147 கார இணை நீள டி.என்.ஏ. சுருண்டிருப்பதே நியூக்ளியோசோம், குரோமாட்டினின் அடிப்படை அலகு. ஹிஸ்டோனிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குழு ஏறுவதற்கும் மரபணு செயல்படுவதற்கும் தொடர்பிருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே சொல்லிவிட்டார். ஆனால் படியெடுப்போடு, அதாவது மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும் வேலையோடு, நேரடியாக முடிச்சுப் போடக்கூடிய நொதி முப்பது ஆண்டுகளாகியும் அகப்படவில்லை. அசிட்டைல் ஏற்றம் காரணமா, வெறும் பின்விளைவா என்ற சந்தேகம் நீடித்தது. நியாயமான சந்தேகம்தான்.

ஆலிஸ் பிடித்துக்கொண்டது டெட்ராஹைமினா என்ற நன்னீர் ஒருசெல் உயிரி. அதில் கரு இரண்டு. பெருங்கருவில் மரபணுக்கள் மும்முரமாக இயங்கும், ஹிஸ்டோன்களில் அசிட்டைல் குழு நிறைந்திருக்கும். வளரும் செல்லின் சிறுகரு அமைதியாக இருக்கும், அசிட்டைலும் இராது. தேடும் நொதி பெருங்கருவில்தானே இருக்க வேண்டும்! உயிரியைத் தேர்ந்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதி, ஜேம்ஸ் பிரவுனெலுடன் 1995இல் வெளியிட்ட ஜெல் முறை. ஜெல்லை உறைய வைக்கும்போதே ஹிஸ்டோனைக் கலந்துவிடுகிறார்கள். பெருங்கருச் சாற்றை அதில் ஓட்டினால் புரதங்கள் எடைவாரியாகப் பிரியும். பிறகு, அப்படிப் பிரிப்பதற்காகப் புரதங்களின் மடிப்பைக் குலைக்கச் சேர்த்த எஸ்.டி.எஸ். சோப்பைக் கழுவி நீக்கி, புரதம் மீண்டும் மடிய விட்டு, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய அசிட்டைல் கோஎன்சைம்-ஏ (அசிட்டைல் குழுவை வழங்கும் மூலக்கூறு) கரைசலில் ஊற வைக்க வேண்டும். நொதி நிற்கும் இடத்து ஹிஸ்டோனில் மட்டும் கதிரியக்கம் ஏறும். டிரிட்டியத்தின் கதிர் மிகப் பலவீனமானது. ஜெல்லைத் தாண்டிப் படச்சுருளை எட்டாது. ஆகவே அந்தக் கதிர் பட்டால் ஒளிரும் வேதிப்பொருளையும் ஜெல்லில் ஊட்ட வேண்டும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. சோப்பு மிச்சமிருந்தால் நொதி மடியாது. தனக்குத்தானே அசிட்டைல் ஏற்றிக்கொள்ளும் புரதமும் பட்டையாகத் தெரியும். ஹிஸ்டோனுக்குப் பதில் ஆல்புமின் என்ற வேறொரு புரதம் கலந்த ஜெல்லைப் பக்கத்தில் ஓட்டினால் குட்டு உடையும். இரண்டு புரதங்கள் சேர்ந்தால்தான் இயங்கும் நொதி என்றால், ஜெல்லில் பிரிந்து போய் ஒன்றுமே தெரியாது.

சுமார் 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் ஒரு பட்டை கிடைத்தது. அதன் மரபணுவைப் படித்தபோது, மரபணுக்களை முடுக்குவதாக ஈஸ்டில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஜிசிஎன்5 புரதத்தின் உறவு என்று தெரிந்தது. 1996இல் வெளியான இந்த முடிவோடு, அசிட்டைலை ஏற்றும் கையும் மரபணுவை முடுக்கும் கையும் ஒன்றே என்றாயிற்று.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. தனித்த ஜிசிஎன்5 தனி ஹிஸ்டோனில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், நியூக்ளியோசோமில் தயங்கும். சாகா போன்ற புரதக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகே அங்கும் கைவைக்கிறது. இந்த நொதிகளைச் சோதிப்பவர்கள் தனி ஹிஸ்டோன், நியூக்ளியோசோம் ஆகிய இரண்டு அடிமூலங்களையும் (நொதி வேலை செய்யும் பொருள்கள்) வைத்துப் பார்ப்பது அதனால்தான்.