குளிரில் வேர்க்கும் குழந்தை

வணக்கம். ஊட்டியில் ஒரு ஜனவரி மாதக் காலை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மூன்று மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். நமக்கே ஸ்வெட்டர் போதாத குளிர். குழந்தையின் குல்லாவைக் கழற்றினால் முடியெல்லாம் ஈரம்.

"பால் குடிச்சாலே இப்படித்தான் வேர்க்குது டாக்டரம்மா. நாலு வாய் குடிப்பான், மூச்சு வாங்கும், விட்டுடுவான்."

பாதி நோயை அவரே சொல்லிவிட்டார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் அதன் வழியே நுரையீரலுக்குத் திரும்பிப் பாய்கிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. அந்தக் கூடுதல் ரத்தத்தையும் சேர்த்து இறைக்க இதயம் பாடுபடுவதால்தான் பால் குடிக்கும்போதே வேர்வை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் பயப்படுவது குழந்தை 'தேறுவதை'த்தான். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் வேர்வை நிற்கும், அடிக்கடி சளி பிடிக்காது, எடைகூட ஏறும். வீட்டில் நிம்மதி. உள்ளே நடப்பது வேறு: ரத்தக் குழாய்ச் சுவர் தடித்து, ரத்தம் நுரையீரலுக்குள் போக முடியாமல் நிற்கிறது. பிறகு ஓட்டம் திசை மாறி உதடு நீலம் பாயும். 1897-இல் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் விவரித்த நிலை இது. அப்போது ஓட்டையை அடைக்கக் கூடாது. வலப்பக்க இதயத்துக்கு அதுதான் வடிகால்.

அதனால் பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் ஒட்டுப்போட்டு அடைத்துவிடுவார்கள். பல ஓட்டைகள் இருந்தால், அல்லது குழந்தை ரொம்ப நலிந்திருந்தால், நுரையீரல் தமனியை, அதாவது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுற்றி ஒரு பட்டை கட்டி ரத்தத்தை மட்டுப்படுத்துவதுண்டு. 1952 முதல் இருக்கும் முறை. ஆபரேஷனைவிட அன்றைய ராத்திரிதான் கஷ்டம். தொண்டைக் குழாயில் சளியை உறிஞ்சினால்கூடப் போதும், நுரையீரல் குழாய்கள் சட்டென்று இறுகிக்கொள்ளும். அதற்காகவே மயக்கத்தில் வைத்து, தேவைப்பட்டால் அந்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சுக்காற்றோடு கொடுப்பார்கள்.

ஓட்டையே இல்லாமல் நுரையீரலில் அழுத்தம் எகிறும் பிள்ளைகளும் உண்டு. மருந்து கேட்காவிட்டால், சற்று வளர்ந்த சிலருக்கு இடது நுரையீரல் தமனியைக் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் கீழிறங்கும் பகுதியோடு இணைப்பார்கள். வலப்பக்க இதயத்துக்கு அது ஒரு புது வடிகால். கால் நீலமாகும், மூளைக்கு நல்ல ரத்தம் போகும். நல்ல பேரம்தான்.

பாட்டிக்குக் கவலையெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். "கோயமுத்தூர் போறதுக்குள்ள வாந்தி எடுப்பானே?" பர்லியாரில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கச் சொன்னேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் முடிந்தது.

ஏழாம் மாதம் மறுபடி வந்தான். பால் குடிக்கும்போதே குல்லாவைக் கழற்றிப் பார்த்தேன். சளி பிடிக்கும் என்று பாட்டிக்கு என்மேல் கோபம்.