வாளா, மண்வெட்டியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

காலப்பயணக் கதைக்குள்ள, இங்கிலாந்தோட நடுவுல இருந்த மெர்சியாங்கிற பழைய ராஜ்ஜியத்தை ஆண்ட ஏதல்ஃப்ளாட் வந்தா, கையில கொடுக்க வேண்டியது வாளா, மண்வெட்டியா? எதிரணி நண்பர் வாளைச் சுழத்திட்டு உக்காந்துட்டார். "வாள் இல்லேன்னா கதை படுத்துடும்"னு வேற சொன்னார். நான் மண்வெட்டி அணிங்க.

பக்கத்து ராஜ்ஜியம் வெசெக்ஸை ஆண்ட ஆல்ஃப்ரட் ராஜாவோட மக. புருஷன் கி.பி. 911ல இறந்ததும் ஏழு வருஷம் தனியா ஆண்டவங்க. அவங்களுக்குப் பட்டமா இருந்த பழைய ஆங்கிலச் சொல்லுதான் இன்னைக்கு நாம சொல்ற 'லேடி' ஆச்சு. அந்தச் சொல்லோட வேரைத் தோண்டினா, 'ரொட்டிக்கு மாவு பிசையறவ'! அந்தக் கையில போய் வாளைத் திணிக்கிறாரே!

மெர்சியாவோட ஆண்டுக் குறிப்பைப் பாருங்க. "கட்டினாங்க, கட்டினாங்க"ன்னு திரும்பத் திரும்ப வருது. 913 கோடையில டாம்வொர்த். ஆகஸ்டு அறுவடைத் திருநாளுக்குள்ள ஸ்டாஃபர்ட். அடுத்த வருஷம் வாரிக். 910லேர்ந்து 915க்குள்ள பத்துக் கோட்டை! நம்ம காலப்பயணி இறங்கினதும் கல்மதிலைத் தேடுவார். அங்க அகழி வெட்டின மண்ணை அள்ளிக் கரையாக் கொட்டிக்கிட்டு இருப்பாங்க. முழங்கால் வரைக்கும் சேறு. வைக்கிங் படை திடீர்னு வந்து கொள்ளையடிச்சுட்டு ஓடுற கூட்டம். வாள் அவனைத் துரத்தும். கரைதான் நிறுத்தும்.

அப்போ போரே பண்ணலையா? பண்ணினாங்க. 916ல ஒரு மடாதிபதியைக் கொன்ன மூணாம் நாள் வேல்ஸுக்குள்ள படை போச்சு. அங்க ராஜாவோட மனைவியையும் சேத்து 34 பேரைப் பிடிச்சாங்க. அங்கயும் குறிப்பு சொல்றது, படையை 'அனுப்பினாங்க'ன்னுதான். 917ல வைக்கிங் கையில இருந்த டார்பி ஊரைப் பிடிச்சப்ப, வாசலுக்குள்ளேயே அவங்க வீரர்கள் நாலு பேர் விழுந்தாங்க. 'அவங்களுக்குப் பிரியமான நாலு பேர்'னு குறிப்பு எழுதினவன் எழுதியிருக்கான். வறண்ட குறிப்புல அந்த ஒரு சொல் எங்கேர்ந்து வந்துச்சோ!

திகில் எங்கேன்னு கேட்டார் நண்பர். 918 ஜூன் தொடக்கம், டாம்வொர்த். வைக்கிங் கையில இருந்த லெஸ்டர் ஊர் சண்டையில்லாமப் பணிஞ்சாச்சு. வடக்க யார்க் ஊர் ஆட்களும் இவங்களுக்குப் பணியறதா வாக்குக் கொடுத்தாச்சு. காலப்பயணிக்கு மட்டும் தெரியும்: 12ஆம் தேதி இவங்க இருக்க மாட்டாங்க. அப்புறம் மக ஆல்ஃப்வின் கையிலேர்ந்து ஆட்சியைப் பிடுங்கி, அவளையும் வெசெக்ஸுக்குக் கொண்டுபோகப் போறது வைக்கிங் இல்ல, சொந்தத் தாய்மாமன் எட்வர்ட்!

சொல்றதா, வேண்டாமா? கரை மேல நின்னு, "அடுத்த கோட்டையை எங்க கட்டலாம்?"னு அவங்க காலப்பயணிகிட்டயே கேக்கறாங்க. இந்த இடத்துல உங்க வாளை வெச்சு என்ன பண்ணுவீங்க, நண்பரே?